கை போகிற நேரம்

கோவில்பட்டி
8.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு மாரிசெல்வி எழுதுவது. நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். நீங்களும் மதினியும் விஜியும், ஆடுகளும் சேர்த்துத்தான், சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கு என்னவோ என்று பதற வேண்டாம். ஞாயிறுதோறும் நீங்கள் போன் போடுகிறீர்கள், நான் எடுப்பதில்லை. மதினிக்கு வருத்தம் இருக்கும். என் போனில் சத்தம் சரியாகக் கேட்கவில்லை. அதனால் இனிமேல் எழுதலாம் என்று இருக்கிறேன்.

கடலைமிட்டாய் கம்பெனியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. பாக்கிங் வேலை. காது மறைகிற மாதிரி தொப்பி, கைக்கு உறை. கூட வேலை செய்பவர்கள் எல்லாம் எப்போது கழற்றலாம் என்று கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். எனக்கு அந்தத் தொப்பி பிடித்திருக்கிறது. சாயங்காலம் கழற்றத்தான் மனம் வருவதில்லை.

நம்மூர்க் கோயில் ஆடிக் கொடைக்கு வர முடியாது. லீவு கேட்டால் கொடுக்க மாட்டார்கள். விஜி ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாளே, புதுப் பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறதா? ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாரிசெல்வி

எப்போதும்வென்றான்
27.7.2024

தங்கை மாரிசெல்விக்கு அண்ணன் கண்ணபிரான். இங்கே எல்லாரும் சுகம். அங்கே மாப்பிள்ளை செண்பகராஜ் சுகமா? ஆட்டோ ஓட்டம் எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தைக் கொண்டுவந்த போஸ்ட்மேன் சிவனாண்டி சைக்கிளை விட்டு இறங்காமலே சிரித்தார். "பேங்குக்காரனைத் தவிர எவன் லெட்டர் போடுதான் இந்தக் காலத்துல? ஒந் தங்கச்சிக்கு என்ன, சண்டையா?" என்று கேட்டார். பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். அதற்குப் போய்த் தபால் தலை ஒட்டுகிறாய். போன் ரிப்பேர் என்றால் நான் ஒன்று வாங்கித் தருகிறேன்.

மழை இல்லை. ஆட்டுக்கிடை இப்போது நாயக்கர் புஞ்சையில், எருவுக்காகப் போட்டிருக்கிறது. விதைப்புக்கு முன்னால் இன்னும் இரண்டு காட்டில் கிடை கேட்டிருக்கிறார்கள்.

விஜியை எழுதச் சொன்னேன். பிறகு எழுதுகிறேன் என்கிறாள். கொஞ்ச நாளாக முகம் பார்த்துப் பேசுவதில்லை. வயசு அப்படி. மற்றபடி விசேஷம் இல்லை.

அண்ணன்

கோவில்பட்டி
14.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு. உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் சுகம்.

எனக்கு வேறு போன் வேண்டாம். சிவனாண்டி அண்ணாச்சியிடம் சண்டை ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள்.

விஜி முகம் பார்த்துப் பேசுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். யாராவது திட்டினீர்களா? பள்ளிக்கூடத்தில் ஏதாவது நடந்ததா? மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். கேட்டுச் சொல்லவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

மதினிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

மாரிசெல்வி

எப்போதும்வென்றான்
9.9.2024

தங்கைக்கு அண்ணன் எழுதுவது. சுகம். மதினியின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. வானம் இரண்டு நாளாகக் கறுக்கிறது. உழவு முடிந்துவிட்டது. ஒரு மழை விழுந்தால் உளுந்து விதைத்துவிடலாம்.

உன்னிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். என்னோடு கிடை போடுகிற ஒருவருக்கு ஒரே மகள். பதினோரு வயது. அந்தப் பிள்ளை தன் புருவ முடியைத் தானே பிடுங்குகிறது. இப்போது தலையிலும் இடது பக்கம் பிடுங்க ஆரம்பித்துவிட்டதாம். சொல்லிப் பார்த்தார்கள், அடித்தும் பார்த்தார்கள். கேட்கவில்லை. கழுகுமலை முருகன் கோயிலில் கொண்டுபோய் மொட்டை போடலாமா என்று யோசிக்கிறார்கள்.

உனக்கும் சின்ன வயதில் அந்தப் பழக்கம் இருந்தது. மொட்டை போட்டதும் நின்றுவிட்டது. அதை நான் அவரிடம் சொன்னேன். எத்தனை நாளில் நின்றது என்று நீ எழுதினால் அவருக்கு ஒரு தைரியமாக இருக்கும்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

கோவில்பட்டி
12.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு. உங்கள் கடிதம் இன்று மதியம் வந்தது. இன்றைக்கே எழுதிவிடுகிறேன், நாளைக்கு என்றால் தைரியம் போய்விடும்.

எனக்கு அது நிற்கவில்லை, அண்ணே. ஒரு மாதம்கூட நின்றதில்லை.

பன்னிரண்டு வயதில் தொடங்கியது. இப்போது முப்பத்தைந்து. டிவி பார்க்கும்போது, பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காரும்போது, கை தானாகப் போகும். விரல் முடிக்குள் நுழைந்து, மற்றதைவிடத் தடித்த, முரட்டு முடி ஒன்றைத் தேடும். அது அகப்படும்வரை வேறு எதிலும் மனம் நிற்காது. பிடுங்கியதும் ஒரு நிம்மதி. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அதற்குப் பிறகு வெட்கம். உச்சிக்குப் பின்னால் என் உள்ளங்கை அளவுக்கு வெறும் தோல்தான் இருக்கிறது. அதற்கு மேல் சவுரி, அதற்கு மேல் பூ. ஊருக்கு வந்தால் எண்ணெய் தேய்த்துவிடுகிறேன், பேன் பார்க்கிறேன் என்று யாராவது தலையைத் தொட்டுவிடுவார்கள். நான் கொடைக்கு வராததற்கு அதுதான் காரணம். லீவு கிடைத்திருக்கும்.

போனிலும் கோளாறு இல்லை. போன் பேசும்போது ஒரு கை சும்மா இருக்கிறது. பேசி முடித்துப் பார்த்தால் மடியெல்லாம் முடி. எழுதும்போது ஒரு கையில் பேனா, இன்னொரு கை தாளைப் பிடித்துக்கொள்கிறது. இதைக் கண்டுபிடித்தது ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகுதான்.

மார்ச் மாதத்திலிருந்து மனநல டாக்டரிடம் போகிறேன். பைத்தியம் என்று நினைக்காதீர்கள். இது பலருக்கு இருக்கிறதாம், இதற்கென்று ஒரு பெயரே இருக்கிறது, என் வாயில்தான் நுழையவில்லை. கை எந்த நேரத்தில் போகிறது என்று கவனிக்கச் சொன்னார்கள். அந்த நேரத்தில் விரலுக்கு பிளாஸ்திரி ஒட்டிக்கொள்வேன், அல்லது கையை இறுக்கி மூடி வைத்துக்கொள்வேன். குறைந்திருக்கிறது. போகவில்லை.

கூட்டிக்கொண்டு போனது உங்கள் மாப்பிள்ளைதான். கல்யாணமான இரண்டாவது வாரம் ஒரு காலையில் கண் விழித்தால், அவர் விளக்குமாற்றை வைத்து என் பாயைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருக்கிறார். எனக்கு உயிரே போய்விட்டது. "நீ காப்பி போடு, நான் பெருக்குதேன்" என்றார். ஒன்பது வருடம் அவர்தான் பெருக்கினார். ஒரு வார்த்தை கேட்டதில்லை. இந்த மார்ச்சில் ஒரு நாள் பெருக்கி முடித்துவிட்டு, "வண்டி சும்மாதான நிக்கி, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வருவமா?" என்றார்.

மொட்டையைப் பற்றிக் கேட்டீர்கள். போட்ட மறுவாரம் நீங்களும் அப்பாவும் கிடையோடு மேற்கே போய்விட்டீர்கள், பார்க்கவில்லை. பிடுங்க முடி இல்லை என்றதும் கத்தி பட்ட பொருக்கைப் பிய்த்தேன். அது ஆறியதும் முழங்கையில் பிய்த்தேன், பிறகு நகத்தோரத் தோல். அந்த வருடம் முழுக்க நீளக் கை சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். முடி வளர்ந்ததும் மறுபடி முடிக்கே வந்துவிட்டேன். அம்மா ஊரெல்லாம், "முருகன் நிப்பாட்டிட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல முடியவில்லை. மொட்டையால் எனக்கு வந்தது ஒன்றுதான், ஒளிக்கக் கற்றுக்கொண்டேன்.

அந்த ஆளிடம் சொல்லுங்கள். அடிக்க வேண்டாம். கையைக் கட்ட வேண்டாம். ஏன் செய்கிறாய் என்று கேட்க வேண்டாம், அந்தப் பிள்ளைக்கே தெரியாது. வேண்டுமென்று செய்யவில்லை.

அந்தப் பிள்ளையின் பெயர் என்ன, அண்ணே?

மாரிசெல்வி

கோவில்பட்டி
6.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு. சுகம். மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது, பதில் இல்லை. என் கடிதம் வந்துசேர்ந்ததா?

இங்கே நல்ல மழை. அங்கேயும் பெய்திருக்கும், விதைத்திருப்பீர்கள். அந்த வேலையில் நேரம் இருந்திருக்காது.

நான் கோபமாக எதுவும் எழுதவில்லை. எழுதியது போல் தோன்றினால் மன்னித்துவிடுங்கள்.

மாரிசெல்வி

எப்போதும்வென்றான்
9.11.2024

அன்புள்ள மாரிசெல்விக்கு மதினி ராதாமணி எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். நீயும் செண்பகராஜ் தம்பியும் சுகமா? நான் கடிதம் எழுதி இருபது வருஷம் ஆகிறது. எழுத்து கோணலாக இருந்தால் கூட்டி வாசித்துக்கொள்.

உன் கடிதத்தை உன் அண்ணன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். துவைக்க எடுத்தபோது கையில் அகப்பட்டது. கேட்காமல் படித்துவிட்டேன். அந்தப் பிள்ளை நம் விஜிதான். உனக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

முழுப்பரீட்சை லீவில் ஆரம்பித்தது. இரண்டு புருவமும் இல்லை. காலையில் நான் மையால் வரைந்து அனுப்புகிறேன், வேர்த்தால் அழிந்துவிடுகிறது. வகுப்பில் பொம்மை என்று கூப்பிடுகிறார்களாம். உன் அண்ணன் ஒரு நாள் ஆட்டுக்கம்பால் அவள் கையில் அடித்துவிட்டார். அடித்த பிறகு அவரும் சாப்பிடவில்லை, இரண்டு நாள் கிடையிலிருந்து வீட்டுக்கே வரவில்லை.

கார்த்திகை மாதம் பிறந்ததும், இருபத்திரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை, கழுகுமலையில் மொட்டை என்று முடிவு செய்துவிட்டார். வேன் சொல்லியாகிவிட்டது. என் மாமா வீட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. நான் வேண்டாம் என்றால், "ஒனக்கு என்ன தெரியும், எங்க வீட்டுல பாத்த விஷயம்" என்கிறார். உன் கடிதத்தைக் காட்டி, இதில் இப்படி இருக்கிறதே என்றேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

நீ ஒரு நடை வா. தலையை யாரும் தொடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ராதாமணி

எப்போதும்வென்றான்
17.11.2024, ஞாயிறு மாலை

அன்புள்ள அண்ணனுக்கு. உங்கள் வீட்டில் உட்கார்ந்து உங்களுக்கே எழுதுகிறேன். இதைத் தபாலில் போடவில்லை, மதினியிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். ஆடுகளை ஓட்டப்பிடாரம் பக்கம் கொண்டுபோயிருப்பதாகச் சொன்னார்கள். நான் வருவது தெரிந்து போனீர்களோ, தெரியாமல் போனீர்களோ, பரவாயில்லை. இங்கே நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

விஜி உள் அறையில் இருந்தாள். "வாங்க அத்தை" என்று சொன்னவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். நான் கதவைச் சாத்திவிட்டுக் கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். சவுரியைக் கழற்றிக் கட்டிலில் வைத்தேன். அவளுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தேன். உங்கள் மாப்பிள்ளைக்கும் டாக்டருக்கும் தவிர நான் யாருக்கும் காட்டியதில்லை.

"இங்கன பாரு விஜி" என்றேன்.

பிறகு ஒரு விரல் வந்து அந்த இடத்தைத் தொட்டது.

"யாரு அத்தை செஞ்சா?"

"நாந்தான்."

"வலிக்கலையா?"

"பிடுங்கையில வலிக்காது. ஒனக்கு?"

"வலிக்காது. பெறவு எரியும்." கொஞ்சம் பொறுத்து, "எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன்" என்றாள்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன், போன மார்ச் வரைக்கும்."

அதற்குப் பிறகு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். முகத்தை நேராகக் காட்டினாள். மை இல்லாத முகம். உங்கள் முகம்தான், அண்ணே, அதே நெற்றி.

"மொட்டை போட்டா போயிரும்னு அப்பா சொல்லுதாக."

"எனக்குப் போகலட்டி."

"அப்பம் எப்பம் நிக்கும்?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். "தெரியல. சில நாள் கொறையும், சில நாள் கூடும். ஆனா கூட ஒரு ஆளு இருந்தா இவ்வளவு கஷ்டமா இருக்காது" என்றேன். அவள் அழவில்லை. பிளாஸ்திரி எப்படி ஒட்டுவது என்று கேட்டாள். காட்டிக் கொடுத்தேன். இப்போது அம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறாள், சத்தம் கேட்கிறது.

வேன் சொல்லியிருக்கிறீர்கள், உறவுக்காரர்களுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். நான் மறிக்கவில்லை. அவள் உங்கள் பிள்ளை. உட்கார வைப்பதற்கு முன்னால் அவளிடம் ஒரு தடவை கேளுங்கள், அது போதும். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிறது. மழையில் நனையாமல் இருங்கள்.

மாரிசெல்வி

எப்போதும்வென்றான்
20.12.2024

தங்கை மாரிசெல்விக்கு அண்ணன். இங்கே மூன்று பேரும் சுகம்.

மொட்டை போடவில்லை என்று மதினி அன்றைக்கே போனில் சொல்லியிருப்பாள். மீதியை நான்தான் எழுத வேண்டும். ஒரு மாதமாக எழுத உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்த பிறகும் நான் அவளிடம் கேட்கவில்லை. வேனில் போகும்போது கேட்கலாம் என்று நினைத்தேன். உறவுக்காரர்கள் இருந்தார்கள், கேட்கவில்லை. முடி இறக்கும் இடத்தில் அவளை உட்கார வைத்துத் தண்ணீர் தெளித்தாயிற்று. அவள் உடம்பு நடுங்கியது. முடி இறக்குகிறவர் கத்தியில் பிளேடை மாட்டிக்கொண்டே, "பிள்ள ஆடுது, யாராச்சும் தோளப் பிடிச்சிக்கிடுங்க" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் குனிந்து இரண்டு கையையும் நீட்டிவிட்டேன்.

அப்போதுதான் உன் தோள் என் கைக்கு வந்தது. உனக்கு மொட்டை போட்ட அன்றைக்கு எனக்குப் பத்தொன்பது வயது, உனக்குப் பதிமூன்று. "விடுண்ணே, விடுண்ணே" என்று கத்தினாய். நான் இன்னும் அழுத்திப் பிடித்தேன். நீ என் மணிக்கட்டைக் கடித்தாய். தழும்பு இருக்கிறது. ராதாமணியிடம் நாய் கடித்தது என்று சொல்லியிருக்கிறேன்.

விஜியின் தோளைத் தொடவில்லை. அவள் முன்னால் உட்கார்ந்து, "ஒனக்கு வேணுமா, விஜி?" என்று கேட்டேன்.

"வேண்டாம்ப்பா" என்றாள்.

அவ்வளவுதான். அதைக் கேட்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ராதாமணியின் மாமாவுக்குக் கோபம். "சாமி காரியத்த பாதியில நிறுத்துவியா? குடும்பத்துக்கு ஆகாது" என்று சத்தம் போட்டார். "சாமிட்ட நான் பேசிக்கிடுதேன் மாமா" என்றேன். ஈரத் தலையோடு அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாமி கும்பிட்டோம். இட்லி வாங்கிக் கொடுத்தேன். நான்கு இட்லி தின்றாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்கு அடுத்த திங்கட்கிழமை விஜியை நீ போகிற டாக்டரிடம் காட்டக் கோவில்பட்டிக்கு வந்தோம். மதினி உன்னிடம் கேட்டு நேரம் எல்லாம் வாங்கினாளே, அன்றைக்குத்தான். டாக்டர் அம்மா என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளிடம் முக்கால் மணி நேரம் பேசினார்கள். மாதம் ஒரு முறை வரச் சொன்னார்கள். வெளியே வந்ததும், "அத்தை வீட்டுக்குப் போவோம்ப்பா" என்றாள். உன் தெரு முனைவரைக்கும் வந்தோம். அங்கிருந்து பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லித் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். நேரம் ஆகவில்லை. உன் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்று தெரியவில்லை.

இதில் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு நான் பிடித்தது தப்பு, மாரி. அப்பா சொன்னார், பிடித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நீ கத்தியது எனக்குக் காதில் விழுந்தது.

அண்ணன் கண்ணபிரான்

கோவில்பட்டி
5.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு. சுகம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிறகு இவரிடம் கொடுத்தேன். இவர் படித்துவிட்டு வெளியே போய் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிடித்தது நீங்கள் என்று எனக்குத் தெரியும். கடித்தது நான்தானே. பத்தொன்பது வயதில் அப்பாவை எதிர்த்துப் பேச அந்த வீட்டில் யாரால் முடியும்? பிடித்ததற்காக நான் கோபப்பட்டது ஒரு மாதமோ இரண்டு மாதமோதான். அதற்குப் பிறகு வேறொன்றுக்குக் காத்திருந்தேன். மொட்டைத் தலையோடு வீட்டுக்கு வந்த அன்றைக்கு எல்லாருமாகச் சாப்பிட்டோம். நீங்கள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தீர்கள். வலிக்குதா என்று கேட்பீர்கள் என்று நினைத்தேன். தட்டைப் பார்த்தே சாப்பிட்டு முடித்தீர்கள். ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் நினைப்பேன், இந்தத் தடவை கேட்பார் என்று. பிறகு வருவதையே குறைத்துவிட்டேன்.

இப்போது எழுதிவிட்டீர்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். ஆனால் நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

என் கை போன வாரம் ரொம்பவும் போனது. புத்தாண்டு என்று கம்பெனியில் நாலு நாள் லீவு, தொப்பி இல்லை. டாக்டரிடம் சொன்னேன். அப்படித்தான் இருக்கும், மறுபடி தொடங்குவோம் என்றார்கள். விஜிக்கும் அப்படி ஒரு வாரம் வரும். வந்தால் பதற வேண்டாம்.

தெரு முனைவரை வந்தவர் இன்னும் நாற்பது அடி நடந்திருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது.

மாரிசெல்வி

எப்போதும்வென்றான்
23.2.2025

தங்கைக்கு அண்ணன். நாங்கள் சுகம். உளுந்து எடுத்தாயிற்று. மழை கடைசியில் கொஞ்சம் கூடிப்போனதால் பாதி கறுத்துவிட்டது, இருந்தாலும் வீட்டுக்குப் போக விற்கவும் இருக்கிறது. மக்காச்சோளத்தில் பன்றி புகுந்துவிட்டது.

நீ எழுதிய அந்த வாரம் வந்தது. ஜனவரி கடைசியில் விஜிக்கு வலது புருவம் பாதி முளைத்திருந்தது. அவளே கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அது முழுக்கப் போய்விட்டது. ராதாமணி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். நான் விஜியைக் கூப்பிடவும் இல்லை, திட்டவும் இல்லை. மறுநாள் அவளாகவே வந்து, "அப்பா, எல்லாம் போச்சு" என்றாள். "பாத்தேன். மொளைக்கும்" என்றேன்.

பள்ளிக்கூடத்தில் புருவம் வரைந்துகொண்டு போவதை இப்போது விட்டுவிட்டாள். வகுப்பு டீச்சரிடம் அவளே போய்ச் சொல்லியிருக்கிறாள். "இது ஒரு வியாதி டீச்சர், ஒட்டிக்காது, எங்க அத்தைக்கும் இருக்கு" என்றாளாம். உன் பெயரையும் இழுத்துவிட்டாள், கோபப்படாதே. இரண்டு பிள்ளைகள் இன்னும் பொம்மை என்றுதான் கூப்பிடுகின்றன. ஒருத்தி மட்டும் பக்கத்தில் உட்காருகிறாளாம்.

நேற்றுச் சாயங்காலம் நான் ஆடுகளை அடைத்துவிட்டு வந்தேன். விஜி வாசலில் உட்கார்ந்து கணக்குப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எதிரே நான் காலை நீட்டி உட்கார்ந்தேன். ஏதோ கணக்கு வரவில்லை போலிருக்கிறது. பேனா நின்றது. இடது கை மெதுவாக மேலே போனது, காதைத் தாண்டி, முடிக்குள்ளே. அவளுக்கே தெரியவில்லை. எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, ஏட்டி கையை எடு என்று. பல்லைக் கடித்துக்கொண்டேன். நிமிர்ந்தவள் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். முன்பென்றால் எழுந்து உள்ளே ஓடியிருப்பாள், நானும் வேறு பக்கம் திரும்பியிருப்பேன். இரண்டு பேரும் அப்படியே இருந்தோம். அவள் கையை எடுக்கவும் இல்லை. நான் முகத்தைத் திருப்பவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "இந்தக் கணக்கு வரமாட்டேங்குப்பா" என்றாள்.

எனக்கும் வராது என்று அவளுக்குத் தெரியும். நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு வெளிச்சம் போகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் கண்ணபிரான்